பையனுக்குப் பதில் வலை இழுத்தவர்

வரைபடம் போடும் வேலைக்கு நான் போகும் கரி எஞ்சின் ரயிலில், திருவொற்றியூரில் ஏறிய இரண்டு மீன்காரப் பெண்கள் கூடைகளோடு எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

“நேத்து என் புள்ளைக்குப் பதிலா வாத்தியாரு வலை இழுத்தாரு, அக்கா.”

“இன்னாடி சொல்ற? பந்தாட்டம் சொல்லித் தர்றவரா?”

“அவருதான். வலைய வுட்டுட்டு புள்ள ஆட்டத்துக்குப் போவக்கூடாதுன்னு எங்க வூட்டுக்காரரு ஒத்தக் கால்ல நின்னாரு. வாத்தியாரே தன் பொஞ்சாதி புள்ளைங்களோட வந்து, எம் புள்ளய ஆட்டத்துக்கு அனுப்பிட்டு, வலைக் கயித்தப் புடிச்சிக்கினாரு.”

“அப்போ ஆட்டத்த யாரு பாத்துக்கினது?”

“அதான! கை தோலு உரிஞ்சும் வுடல அந்த மனுசன். எங்க வூட்டுக்காரருக்கே மனசு கேக்கல. ‘கயித்த வுடு வாத்யாரே, அங்க பசங்க தேடுவாங்க’ன்னு தொரத்தி வுட்டாரு.”

“செயிச்சாங்களா?”

“தோத்துட்டாங்க.” அவள் சிரித்தாள். “ஆனா இன்னிக்கி வலைக்குப் போறப்போ எங்க வூட்டுக்காரரே, ‘புள்ளய எழுப்பாத, பள்ளிக்கூடம் போவட்டும்’னுட்டாரு.”