கேட்டை மறைச்சு நிக்கிற லாரி

...லாரியை நகர்த்தச் சொல்லித்தானே வந்தீங்க, சார்? தாராளமாச் சொல்லுங்க. நானும் அதைத்தான் தொண்டை வறளச் சொல்லிக்கிட்டிருக்கேன். உங்க கேட்டைப் பாதி மறைச்சாச்சு, எங்க ஜன்னல்ல வெளிச்சமே இல்லை. ஆனா சாவி எங்க வீட்டுக்காரர் இடுப்புல. அவர் லாரிக்குள்ள தூங்குறாரு. ஆமா, அதுக்குள்ளதான். கோபம். வீட்டுக்குள்ள காலை வைக்கமாட்டாராம். சாப்பாடு மட்டும் வீட்டுலேருந்து போகணும்.

எல்லாம் லாரிக்கு லோடு பிடிச்சுக் குடுக்கிற புரோக்கர் ஒருத்தனால வந்த வினை. டிரைவர் யாரா இருந்தாலும் அவனுக்கு மாப்பிள்ளைதான். அதனால அவனுக்கே மாப்பிள்ளைன்னு பேராயிடுச்சு. பொண்ணு குடுக்கிறவன் மாதிரி கூப்பிட்டு, கோவணத்தை உருவிக்கிட்டு அனுப்புவான்.

இங்கேருந்து போறப்ப நல்ல வாடகைதான், சார். திரும்புறப்பதான் சிக்கல். வெறும் லாரியை ஓட்டிக்கிட்டு வந்தா டீசல் நம்ம கைக்காசு. அது மாப்பிள்ளைக்குத் தெரியும். ரெண்டு நாள் காயவிட்டு, அப்புறம் மெதுவா வாயைத் திறப்பான். அவன் சொல்ற வாடகை டீசலுக்கும் டோலுக்கும் சரியாப் போகும், ஓட்டினவன் காத்தைக் குடிச்சுக்கணும். சரக்கு அனுப்புற பார்ட்டி இவ்வளவுதான் தர்றாங்க, எனக்கே இதுல ஒண்ணும் நிக்கலைன்னு சத்தியம் பண்ணுவானாம். ஒண்ணும் நிக்காமத்தான் மூணு மாடி கட்டியிருக்கான்.

இந்தத் தடவை லோடு இறக்கின ஊர் லாரி ஸ்டாண்டுல, சொந்த லாரியைத் தாங்களே ஓட்டுறவங்க எல்லாரும் கூடிப் பேசினாங்களாம். அடிமாட்டு வாடகைக்கு இனிமே ஒருத்தரும் லோடு ஏத்தறதில்லைன்னு முடிவு. யார் யோசனை? நம்ம ஆளுதான். எல்லாரும் கை தட்டினாங்களாம். தட்டுவாங்க, அதுக்கென்ன செலவா? விடிஞ்சு பார்த்தா பாதி லாரியைக் காணோம். மாப்பிள்ளை ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, உங்களுக்கு மட்டும்தான்னு ஆசை காட்டியிருக்கான். கடைசியில மிஞ்சினது ரெண்டே பேரு. இவரும், சாமியார்னு ஒருத்தரும். சாமியாரெல்லாம் ஒண்ணுமில்லை, தாடி மட்டும். நம்ம வீட்டுல எத்தனையோ வேளை கை நனைச்சவரு.

அப்பதான் ஒரு லோடு வந்திருக்கு. யாரோ வீடு மாத்துறாங்க, தட்டுமுட்டுச் சாமான், நேரா இந்த ஊருக்கே. ஏத்திக்கிட்டு வந்திருக்கலாமில்ல? மாப்பிள்ளை சொன்னது அதே அடிமாட்டு வாடகை, மாட்டேன்னுட்டாரு. சாமியாரும் மாட்டேன்னாராம். இவர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள சாமியார் லாரில பாதிச் சாமான் ஏறியாச்சு. பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாராம். இவர் ஒரு வார்த்தை திட்டலை, சார். வெறும் லாரியை அவ்வளவு தூரம் உருட்டிக்கிட்டு வந்து இங்க நிறுத்திட்டு, நியாயமான வாடகை வந்தாத்தான் நகரும்னுட்டாரு.

லாரிக்கு மாசத் தவணைன்னு ஒண்ணு இருக்கே, அது நியாயமெல்லாம் கேக்குமா? நேத்து ஃபைனான்ஸ்காரன் வந்து, சந்தையில மாடு பார்க்கிற மாதிரி லாரியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டுப் போறான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. உங்க நியாயத்தைத் தாளிச்சுப் போடட்டுமா, சாமியாருக்கு இருக்கிற புத்தியில கால்வாசி உங்களுக்கு இருக்கான்னு கேட்டுட்டேன். அதோட போயி லாரில ஏறினவர்தான்.

அட, எழுந்துட்டீங்களே. இருங்க, பக்கத்து வீட்டுக்குப் புதுசாக் குடிவந்திருக்கீங்க, உங்களைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையே. சாமானெல்லாம் பத்திரமா வந்து சேர்ந்துச்சா? பீரோ கதவு நெளிஞ்சுபோச்சா... அடடா. ஏத்தி இறக்குறப்ப அப்படித்தான் ஆகும். எந்த ஊருலேருந்து வந்தீங்க?

அந்த ஊரா...

பச்சை லாரியா, சார்? ஓட்டிக்கிட்டு வந்தவருக்குத் தாடி இருந்துச்சா? நெஞ்சு வரைக்குமா?

யார் மூலமாப் பிடிச்சீங்க? உங்களையும் மாப்பிள்ளைன்னுதான் கூப்பிட்டானா? சார், தப்பா நினைக்காதீங்க, வாடகை எவ்வளவு குடுத்தீங்க?

இன்னொரு தடவை சொல்லுங்க.

இவருக்கு அவன் சொன்னது அதுல பாதிகூட இல்லை, சார். பாதிகூட இல்லை. உங்க பீரோவை முதுகுல சுமந்து இறக்கினாரே சாமியார், அவருக்கும் அதேதான் போயிருக்கும். பார்ட்டி ஒழுங்காத்தான் குடுக்கிறாங்க, நடுவுலதான் காணாமப் போகுதுன்னு இந்த மனுஷன் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. ஸ்டாண்டுல ஒருத்தரும் நம்பலை. அவங்களை விடுங்க, நானே நம்பலையே.

சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதை அவர்கிட்ட உங்க வாயால சொல்லிடுங்க. அவர் உடனே சாமியாருக்குப் போன் போடுவாரு, ஸ்டாண்டுல இருக்கிற அத்தனை பேருக்கும் போடுவாரு. நீங்களே எல்லாருக்கும் தொகையைச் சொல்லுங்க. எத்தனை மாடி கட்டினா என்ன, மாப்பிள்ளை அத்தனை பேருக்கும் பதில் சொல்லணுமில்ல?

நானா? நான் போயி கதவைத் தட்டினா, மறுபடியும் சண்டைக்கு வந்துட்டாளேன்னு காதைப் பொத்திக்குவாரு. நீங்க போங்க. அந்தப் பக்கம் கதவு. பலமாத் தட்டுங்க, லேசுல எழுந்திருக்க மாட்டாரு. நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க...

சார். சொன்னாலும் பரவாயில்லை.