திருத்தம் போடாத தாள்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது, ஐயா. எங்கள் நகராட்சி அலுவலகத்தில் வாங்குகிற பேனாக்கள் முதல் கையெழுத்து வரைக்கும்தான் தாக்குப்பிடிக்கும். இரண்டாவதுக்கு உதறி உதறி எழுத வேண்டும். பாலத்தில் நடந்ததை வாயால் சொல்லச் சொன்னீர்கள். எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பேச்சில் தடுமாறுவேன், எழுத்தில் தடுமாற மாட்டேன். பத்தொன்பது வருடமாக இந்த ஊருக்குச் செய்தி எழுதுகிறவன் நான்.

நீங்கள் வெளியூர்க்காரர், எங்கள் தாளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை தேதி போட்டு, வியாழன் மாலையே வீட்டுக்கு வீடு போட்டுவிடுவோம். ஒரே தாள், இரண்டு பக்கம், ஆயிரத்து நானூறு பிரதி. முன்பக்கத்தில் நகராட்சித் தீர்மானங்கள். பின்பக்கத்தில் எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் வரும், எந்தத் தெருவைத் தோண்டப் போகிறார்கள், போன மாதம் தோண்டியதை எப்போது மூடுவதாக உத்தேசம், யாருடைய குடை அலுவலகத்தில் அனாதையாகக் கிடக்கிறது என்கிற விவரங்கள். முன்பக்கத்தை உறுப்பினர்கள் படிப்பார்கள், பின்பக்கத்தை ஊர் படிக்கும்.

எனக்கு முன்னால் இதை எழுதியவர் காலத்தில் பின்பக்கத்தில் பாதி திருத்தங்கள்தான். ‘சென்ற வாரம் தண்ணீர் வரும் என்று வெளியானது தவறு’, ‘தண்ணீர் வராது என்று வெளியான திருத்தமும் தவறு’ என்றெல்லாம் போடுவார். சலூனில் அதை உரக்கப் படித்துச் சிரிப்பார்களாம். என்னிடம் வேலையை ஒப்படைத்த அன்று நகராட்சித் தலைவர் சொன்னார்: “இந்த ஊர் ஜனங்க நம்புறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு மணிக்கூண்டு, இன்னொண்ணு நம்ம தாள். மணிக்கூண்டுக் கடிகாரம் நின்னுபோச்சு. தாளையாவது ஒழுங்கா பாத்துக்கோங்க.” கடிகாரம் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. தாளை நான் பார்த்துக்கொண்டேன். என் காலத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம் தாள் வந்திருக்கிறது. ஒன்றில்கூடத் திருத்தம் கிடையாது. வேண்டுமானால் கட்டுகளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தப்பே வந்ததில்லையா என்று கேட்பீர்கள். வராமல் இருக்குமா, மனிதன்தானே. ஆனால் தாளில் ஒன்றும் ஊரில் வேறொன்றுமாக இருந்தால், சரிசெய்ய இரண்டு வழி உண்டு. தாளை மாற்றலாம், இல்லை ஊரை மாற்றலாம். தாளோ ஆயிரத்து நானூறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர் என் ஜன்னலுக்கு வெளியிலேயே கிடக்கிறது. எது சுலபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்ததே மீட்டர் அக்காதான். அவருக்கே அது தெரியாது. முப்பது வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள், அவர் காதிலிருந்து பென்சிலை யாராலும் இறக்க முடியவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தார். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம், தாளில் கோடு போட்டு எடுத்துக்கொண்டு, நடைபாலம் வழியாக அலுவலகத்துக்கு வந்துவிடுவார். நான் அதற்கு முன்பே வந்து, வெளியூர்களுக்கு அனுப்பும் பிரதிகளை மடித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு தடவை, கடைத்தெருவில் பன்னிரண்டு புது விளக்குகள் போட்டதாக எழுதியிருந்தேன்.

“தம்பி, பதினொண்ணுதான் எரியுது” என்றார் அக்கா.

“ஒண்ணு பியூஸ் போயிருக்கும்க்கா.”

“பியூஸ் போறதுக்கு விளக்கு வேணும், விளக்குக்குக் கம்பம் வேணும். நான் இந்தக் கோடியிலருந்து எண்ணிட்டு, அந்தக் கோடியிலருந்து திரும்ப எண்ணினேன். பதினொண்ணு.”

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அன்றைக்கே மின்சாரப் பிரிவுக்குப் போய்க் கெஞ்சிக் கூத்தாடி, நாலே நாளில் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நடவைத்தேன். அந்த இடத்துக்கு விளக்கு தேவையே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வந்து, “பன்னெண்டுதான் தம்பி. எனக்குத்தான் வயசாயிடுச்சு போல, தப்பா எண்ணிட்டேன்” என்றார். வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் பிஸ்கட் கொண்டுவந்திருந்தார், சமாதானத்துக்கு. நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். கம்பம் புதுசு என்று நான் சொல்லவில்லை. அந்த நிமிடம் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

அதன் பிறகு பழகிவிட்டது. நூலகம் எட்டு மணிக்குத் திறக்கும் என்று கைதவறிப் போட்டுவிட்டேன். நூலகர் பாவம், அன்றிலிருந்து எட்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு வருகிறார். பூங்காவில் பச்சை பெஞ்சுகள் என்று போட்டேன், பெஞ்சுகள் பழுப்பு. ஞாயிற்றுக்கிழமை நானே டப்பாவும் பிரஷ்ஷுமாகப் போனேன். “ஊர் பெஞ்சுக்கு நீங்க ஏன் பெயின்ட் அடிக்கணும்? வீட்டு ஜன்னல் பத்து வருஷமா பல்லைக் காட்டுது” என்று என் மனைவி பிடித்துக்கொண்டாள். சந்தையில் தொல்லை கொடுத்த நாய் பிடித்து அப்புறப்படுத்தப்பட்டது என்று எழுதிய மாலை, அந்த நாய் சந்தையில் ஹாயாகப் படுத்திருந்தது. இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. சாப்பிடுவது, தூங்குவது தவிர வேறு வேலை செய்யாததால் என் மனைவி அதற்கு ‘நகராட்சி’ என்று பேர் வைத்திருக்கிறாள்.

சந்தையின் பக்கவாசலை மூடுவதற்கு ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று ஒரு வாரம் போட்டேன். அச்சுக்குப் போன பிறகு பழக்கடைக்காரர் ஒரு மனுவோடு வந்தார். அந்த வாசலை நம்பித்தான் அவர் கடை. மனுவை மரியாதையாக வாங்கி என் மேஜை டிராயரில் வைத்தேன். வரவில்லை என்று தாளில் வந்த பிறகு அது வந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். வாசலை மூடினார்கள். பழக்கடை இப்போது இல்லை. மனு இன்னும் டிராயரில் பத்திரமாக இருக்கிறது; நான் எதையும் கிழித்துப் போடுகிற ஆள் இல்லை.

இனி பாலம். இரும்புச் சட்டத்தில் பலகை பதித்த சின்ன நடைபாலம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். இரண்டு மாதமாகப் பழுதுபார்க்க மூடியிருந்தது. அந்தப் பக்கத்து ஜனங்கள் அரைமணி நேரம் சுற்றிக்கொண்டு வந்தார்கள், மீட்டர் அக்காவும்தான். முழங்கால் வலியோடு வந்து உட்கார்ந்து, “உங்க பாலம் எப்பத்தான் தம்பி திறக்கும்?” என்பார். என்னவோ நான் கட்டுகிற பாலம் மாதிரி.

அந்தச் செவ்வாய்க்கிழமை பொறியாளரைக் கேட்டேன். “வெள்ளிக்கிழமை திறந்துடலாம்னு நினைக்கிறேன்” என்றார். ‘நினைக்கிறேன்’ என்பதை எங்கள் தாளில் போட முடியாது. ‘வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி முதல் கால்வாய் நடைபாலம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும்’ என்று எழுதினேன். நல்ல வாக்கியம்.

வியாழக்கிழமை மதியம் பொறியாளர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். தாள்கள் அச்சாகி, கட்டுக்கட்டாக என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தன.

“நடுவுல ஒரு சட்டம் விரிசல் விட்டிருக்கு சார், அடியில போய்ப் பார்த்தப்பதான் தெரிஞ்சது. பத்து நாளாவது ஆகும். ரெண்டு பக்கமும் கயிறு கட்டி, நம்ம பக்கம் எச்சரிக்கைப் பலகை வச்சுட்டேன். நீங்க ஒரு திருத்தம் போட்டுடுங்க.”

“போட்டுடறேன்” என்றேன்.

“சின்ன துண்டுச் சீட்டு போதும் சார், தாளுக்குள்ள செருகிடலாம்.”

“நீங்க கவலைப்படாம போங்க” என்றேன். அவருக்கு அன்று மாலை வண்டி, தங்கை வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் லீவு. லீவுச் செய்தியையும் நான்தான் பின்பக்கத்தில் போட்டிருந்தேன்.

முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே ‘திருத்தம்’ என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. சலூனில் அதை உரக்கப் படிப்பது காதில் கேட்டது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகு வெல்டரிடம் போய், காலைக்குள் முடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். “சார், இது பெஞ்சுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை இல்ல” என்றார். அந்த பெஞ்சுக் கதை ஊருக்கே தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாலையில் தாள்கள் வீடுகளுக்குப் போயின, சீட்டு இல்லாமல்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் பாலத்துக்குப் போனேன். ஊரில் எல்லாம் தாளில் போட்டபடி இருந்தது. தண்ணீர் வரவேண்டிய தெருவில் வந்துகொண்டிருந்தது, குப்பை வண்டி சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டிருந்தது. அந்தக் கயிறும் பலகையும் மட்டும்தான் தாளுக்கு ஒத்துவரவில்லை. இந்தக் கரைக் கயிற்றை அவிழ்த்தேன். பாலத்தில் நடந்துபோய் அந்தக் கரைக் கயிற்றையும் அவிழ்த்துக்கொண்டு, நடந்தே திரும்பி வந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அலுவலகப் பொருளறையில் சேர்த்துப் பதிவேட்டில் எழுதினேன். ‘எச்சரிக்கைப் பலகை ஒன்று, கயிறு இரண்டு, காலை 6.20, நல்ல நிலையில்.’ உங்கள் ஆட்கள் என்னைக் கண்டுபிடித்ததே அந்தப் பதிவைப் பார்த்துத்தான் என்கிறார்கள். நகராட்சிப் பொருளை எழுதாமல் வைப்பது எனக்குப் பழக்கமில்லை.

அதன் பிறகு நான் அலுவலகத்தில் உட்கார்ந்து, வழக்கம்போலத் தாள் மடித்துக்கொண்டிருந்தேன். ரொட்டிக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடந்தார், ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்துச் சமையல்கார அம்மா பையோடு கடந்தார், பலகை லேசாக முனகியது, அவ்வளவுதான். ஏழு மணிக்கு மீட்டர் அக்கா வந்தார். நடுச்சட்டம் உடைந்தது. கால்வாயில் தண்ணீர் முழங்கால் அளவுதான். ஆனால் அடியில் கல். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

அடுத்த தாளில் முன்பக்கத்திலேயே இரங்கல் போட்டேன். ‘எதிர்பாராத விபத்து’ என்று எழுதினேன், வயது அறுபத்தெட்டு என்று எழுதினேன். அறுபத்தொன்பதாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இருந்திருந்தால் பென்சிலால் சுழித்துக்கொண்டு வந்திருப்பார். யாரும் வரவில்லை. அறையில் அவர் உட்காருகிற நாற்காலி மட்டும் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, ஐயா. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த ஊரில் என் தாளை ஒரு வரி விடாமல் படித்தவர் அவர் ஒருவர்தான்.

எழுதியதை முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். நீங்கள் வெளியில் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு நேரம் இருந்தது. ஓர் இடத்தில் தவறு இருக்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் ரொட்டிக்காரர் கடந்தது எனக்கு எப்படித் தெரியும், பலகை முனகியது எப்படிக் கேட்டது என்று அக்காவாக இருந்தால் உடனே கேட்டிருப்பார். நீங்களும் எப்படியும் கேட்பீர்கள். அதனால் என் வாழ்க்கையில் முதல் தடவையாக இதை எழுதுகிறேன்.

திருத்தம்: அந்த நேரத்தில் நான் அலுவலகத்தில் தாள் மடித்துக்கொண்டிருந்ததாக மேலே எழுதியது தவறு. பதிவேட்டில் எழுதிவிட்டு நான் பாலத்துக்கே திரும்பி வந்து, இந்தக் கரையில் நின்றிருந்தேன். மீட்டர் அக்கா அந்தக் கரையில் வந்து நின்றார். உடனே கால் வைக்கவில்லை. பலகைகளைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, கையிலிருந்த தாளைத் தூக்கிக் காட்டி, “தம்பி, நல்லா பார்த்துட்டாங்களா? வரலாமா?” என்று கேட்டார்.

“வாங்கக்கா, அதான் தாள்லயே போட்டிருக்கே” என்றேன்.

“அப்ப சரி” என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கால் வைத்தார்.

பிழைக்கு வருந்துகிறேன். இதைத் தவிர இந்த வாக்குமூலத்தில் தவறு எதுவும் இல்லை. தாளிலும் இல்லை, ஐயா. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி முதல் பாலம் திறந்துதான் இருந்தது.