ஆலாத் திட்டில் முத்திருளன் இறந்த விவரம்

மதுரை, 1936 ஆகஸ்டு 11.

என் பெயர் நைனா முகமது, வயது முப்பத்து நாலு, தகப்பனார் பெயர் சேக் இஸ்மாயில், கோரிப்பாளையம் தர்கா பக்கம் குடியிருக்கிறேன், கூலி வேலை. ஆனையூர் முத்திருளனை நான் அடித்துக் கொன்றதாக அவர் தம்பி வீரணன் கொடுத்த பிராது விஷயமாகச் சொல்கிறேன்.

கடற்பறவை முட்டை பொறுக்க ஆள் தேவை என்று மண்டபத்து ஒப்பந்தக்காரர் ஒருவர் சொன்னதன்பேரில், நானும் முத்திருளனும் ஜூலை மாதம் போனோம். தோணிக்காரர் எங்களை ஒரு சிறு பவளத் திட்டில் இறக்கிவிட்டு, எட்டாம் நாள் வருவதாகச் சொல்லிப் போனார். அங்கே மரமோ குடிசையோ கிடையாது. கால் வைக்க இடமில்லாமல் ஆலாப் பறவைகள் மணலில் அடைகாத்தன.

இரண்டாம் நாள் முத்திருளன் பாதத்தைப் பவளக்கல் கிழித்தது. அதன் பிறகு கால் வீங்கி, காய்ச்சல் கண்டு, "அண்ணே, ஊருக்குப் போயிருவமா?" என்றார். "தோணி வரவும் போயிருவோம்" என்றேன். ஐந்தாம் நாள் பகலில் இறந்துபோனார்.

அதன் பிறகு குழி தோண்டினேன். முட்டை இல்லாத இடம் கிடைக்காததால் ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தேன். பறவைகள் என் தலையில் கொத்தின. முத்திருளன் வீட்டுச் சாவுச் சாங்கியம் தெரியாததால் எனக்குத் தெரிந்த துஆவை ஓதி மண் தள்ளினேன். சாயங்காலமே ஆலாக்கள் அந்த மண்ணின்மேல் வந்து உட்கார்ந்தன. நான் விரட்டவில்லை.

பெருங்காற்றினால் தோணி பதினோராம் நாள்தான் வந்தது. அதுவரை ஜோடியில் ஒன்று அடைகாக்க, ஒன்று மீன் கொண்டுவருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்கப்பா இன்னொரு ஆளு?" என்று தோணிக்காரர் கேட்டபோது, ஆறு நாளாகப் பேசாத வாயைத் திறந்தும் எனக்குச் சத்தம் வரவில்லை. குழியைக் கை காட்டினேன். பிரேதத்தைத் தோணியில் ஏற்ற அவர் மறுத்தார். பிற்பாடு விசாரிக்கப் போன வீரணனிடம், நான் பேசாமல் நின்றதையே குற்றமாகச் சொல்லியிருக்கிறார். நான் அடிக்கவில்லை. தோண்டிப் பார்க்க இடம் காட்டத் தயார்.

அதன் பிறகு ஆனையூர் போய் முத்திருளன் மனைவி மலையம்மாளிடம் விவரம் சொன்னேன். அந்த அம்மாள் அழாமல், "கடைசியா என்னண்ணே சொன்னாக?" என்று கேட்டார். "ஒம் பேரத்தாம்மா சொன்னாப்ள" என்றேன். அது பொய். சாகும்போது முத்திருளன் உதடு அசைந்தது. வாயருகே காதை வைத்தும் பறவை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. இதை மட்டும் அந்த அம்மாளுக்கு வாசித்துக் காட்டாதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துச் சொல்லக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

இடது பெருவிரல் ரேகை: நைனா முகமது