இருபத்தாறாம் எண் படம்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது 38. அரசு மருத்துவமனைப் பிணவறையின் பதிவுப் பிரிவில் ஒன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருக்கிறேன். யாரும் என்னை மிரட்டி இதைச் சொல்ல வைக்கவில்லை. நானாகவே வந்தேன்.

சென்ற மாதம் எட்டாம் தேதி பயணிகள் படகு கவிழ்ந்து, அடையாளம் தெரியாத இருபத்தாறு ஆண் சடலங்கள் எங்களிடம் வந்தன. குளிர்பெட்டிகள் பழுதாகிக் கிடந்ததால், ஒவ்வொருவரையும் படம் எடுத்து, எண் போட்டு, அன்றே புதைத்துவிட உத்தரவானது. படத்தைப் பார்த்து உறவினர் அடையாளம் சொன்னால் அந்த எண்ணுள்ள குழியைக் காட்டுவோம். வேறு வழி கிடையாது.

அதன்பின் போட்டோகிராபர் கேமரா கார்டைக் கொடுத்தார். எங்கள் கம்ப்யூட்டரில் மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். படத்தின் பெயரைத் தட்டி, அடுத்து அன்றைய தேதியிட்ட டைரக்டரியின், அதாவது கோப்புகளைப் போட்டு வைக்கும் இடத்தின், பெயரைத் தட்டினால் படம் கார்டிலிருந்து அங்கே போய்விடும். அப்படியொரு டைரக்டரியே இல்லாவிட்டால் படத்துக்கே அந்தப் பெயரை வைத்துவிடும். அடுத்த படத்துக்கும் அதே பெயர் விழும், முந்தைய படம் அழிந்துவிடும். கேள்வி கேட்காது. சரியான அழுத்தக்காரன் அந்த இயந்திரம். அது ஒன்றும் சொல்லாவிட்டால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்வது எங்கள் பழக்கம்.

தினமும் காலையில் டைரக்டரியை உண்டாக்குபவர் தலைமை எழுத்தர். அன்று அவர் விடுப்பு, டைரக்டரி உண்டாக்கப்படவில்லை; நானும் கவனிக்கவில்லை. "பேருக்குக் கடைசியில ஒரு சாய்கோடு போடுய்யா, இடம் இல்லைன்னா அதுவே சொல்லிடும். கை தேஞ்சா போயிடும்?" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். இருபத்தாறு தடவை தட்டினேன், ஒரு தடவைகூட நான் அதைப் போடவில்லை. அதன்பின் கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். போட்டோகிராபர் அதிலேயே உடைந்த படகைப் படம் எடுத்துத் தள்ளிவிட்டார்.

மறுநாள் காலை திறந்து பார்த்தபோது ஒரே ஒரு படம் இருந்தது. கடைசியாகத் தட்டிய இருபத்தாறாம் எண். வேலை போய்விடும் என்று பயந்து யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதன்பின் ஒரு பெரியவர் மகனைத் தேடி வந்தார். மற்றவர்களை எல்லாம் உறவினர் அடையாளம் காட்டிவிட்டதாகப் பொய் சொல்லி அந்தப் படத்தைக் காட்டினேன். தண்ணீரில் ஊறிய முகம். வெகுநேரம் பார்த்துவிட்டு, "வேற யாரும் பாக்கி இல்லேங்கிறீங்க. அப்ப இவன்தான்" என்றார். இருபத்தாறாம் குழியை அவருக்கு எழுதிக் கொடுத்தேன். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

அன்று மதியம் ஒரு பெண் கணவரின் படத்தோடு வந்தார். இடது புருவத்தின் குறுக்கே தழும்பு, மேலுதட்டுக்கு மேல் மச்சம். இருபத்தாறாம் எண் அவர்தான். குழியைக் கொடுத்தாகிவிட்டதால், "இங்க வரலம்மா" என்றேன்.

"அப்ப உயிரோட இருக்கார்ல சார்?"

"இருக்கலாம்மா" என்றேன். அவருக்குப் பின் வந்தவர்களிடமும் இதையே சொன்னேன்.

இன்று இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தபோது அந்தப் பெண், கணவரைக் காணவில்லை என்ற மனுவோடு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்.

இவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. எல்லாம் உண்மை. திருத்த ஒன்றுமில்லை.

(ஒப்பம்)