கடப்பாரையோட ஒரு போட்டோ

ஆமா மேடம், அந்தப் போட்டோல கடப்பாரையோட பல்லக் காட்டிட்டு நிக்கறது நான்தான். தூரமானவங்க ஒதுங்கற குடிசைய இந்த ஊர்ல மொதல்ல இடிச்சவ. எங்க வீட்டுதுதான். கலசி அக்கா கலசி அக்கான்னு ஒரே கைதட்டல், மாலை வேற. அடுத்த வாரமே நான் தூரமாயிட்டேன். எங்க போய்ப் படுக்கறது? ஆட்டுக் கொட்டாய்லதான். குடிசைக்காவது கதவு இருந்துச்சு. சிரிங்க, பரவால்ல, நானே சிரிச்சேன்.

சுகாதாரத் தொண்டர்னு பேரு. கூட்டம் போட்டா, துணிய நல்லா அலசுங்க, வெயில்ல காயப்போடுங்க, ஒளிச்சு வைக்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்துவேன். என் துணி எங்க காயுது? வைக்கப்போருக்குப் பின்னாடி, சாக்குக்கு அடியில. கக்கூஸா? ஜோரா கட்டியாச்சே, குழாய ஒட்டி. தூரமானவ குழாய்கிட்டப் போகக் கூடாது, அப்புறம் கக்கூசுக்கு எப்படிப் போவா? பழையபடி காடுதான். அங்க கட்டுங்கன்னு எடம் காட்டினதே நான்தான் மேடம். காத்மாண்டு போய் இதையும் எழுதிக்கங்க.

ஊருக்குத்தான் இந்த வாய். வீட்டுக்காரர் முன்னாடி ஒரு வார்த்தை வராது. தூரமானவ அடுப்படிக்கு வந்தா சாமி கோவிச்சுக்கும், எருமைக்குப் பால் வத்திடும்பாரு. நானும் மாசாமாசம் கம்பளிய எடுத்துட்டுக் கெளம்பிடுவேன். எனக்குப் பழகிடுச்சு. என் பொண்ணு பிஸ்னாவ நெனச்சாதான் பயம். பதிமூணு வயசு அவளுக்கு. போன குளிர்ல பக்கத்து வீட்டுப் பொண்ணு இப்படித்தான் கொட்டாய்ல நெருப்பு மூட்டிப் படுத்தா. புகையில மூச்சு முட்டிப் போயிட்டா மேடம். நான்தான் குளிப்பாட்டினேன். எம்பொண்ண அனுப்பவே மாட்டேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். மனசுக்குள்ள முடிவு பண்றதுல என்னை அடிச்சுக்க ஆளே இல்ல.

கடைசி ஜீப்பா? அது அப்பவே போயிருக்கும். நான்தான் விடாமப் பேசிட்டு இருந்தேனே. கோவிச்சுக்காதீங்க, இங்கயே தங்கிட்டுக் காலையில போலாம். எருமைய ஓட்டிட்டு அவரு இப்ப வந்துருவாரு. ஆபீசர் உக்காந்திருந்தா சத்தம் போட மாட்டாரு.

டீ நல்லா இருந்துச்சா? பிஸ்னாதான் போட்டா. உள்ள அடுப்புக்கிட்டத்தான் இருக்கா. இன்னைக்குக் காலையிலதான் வயசுக்கு வந்தா.