பதினொன்றில் எட்டு நான் போட்டது

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு இத்துடன் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. திருமணம் ஆகவில்லை. தம்பி வீட்டு மாடியில் ஓர் அறையில் குடியிருக்கிறேன். சிறு விமானங்கள் நிறுத்தும் திடலில் பதினேழு வருடமாக எழுத்தர் வேலை பார்க்கிறேன். திடலில் என்னை ரிஜிஸ்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என் பெயர் தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர் இருந்தால் அதிகம். என்னை யாரும் மிரட்டவோ சொல்லிக்கொடுக்கவோ இல்லை. நானாகவே விசாரணை அலுவலர் முன்பு வந்து இதைச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் எங்கள் திடலில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார். வயது எழுபத்து மூன்று, மனைவி இறந்துவிட்டார், தனியாக இருக்கிறார். அவருடைய மகன், தகப்பனாருக்கு மறதி நோய் முற்றிவிட்டது, இனி அவர் வீட்டையும் விமானத்தையும் மற்ற காரியங்களையும் தன் பொறுப்பில் விட வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறார். அதற்கு முக்கியச் சாட்சியாகக் காட்டப்பட்டிருப்பது நான் எழுதிய ரிஜிஸ்டர். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஷெட்டில் பதினான்கு விமானங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் வால் மேலும் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அந்த விளக்கின் சுவிட்சை யாரும் அணைப்பதே இல்லை. எப்போதும் போட்டபடியே விட்டுவிடுவார்கள். மெயின் சுவிட்சை அணைத்தால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். நிறுத்தி வைத்த விமானத்தில் சிவப்பு விளக்கு மின்னினால், ஓட்டியவர் மெயினை அணைக்காமல் இறங்கிப் போய்விட்டார் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அப்படியே விட்டால் மறுநாள் பேட்டரி செத்துக் கிடக்கும். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு நான் ரிஜிஸ்டரோடு ஷெட்டைச் சுற்றி வருவேன். விளக்கு மின்னினால் சொந்தக்காரருக்குப் போன் செய்து, அவர் வாயால் சம்மதம் வாங்கிய பிறகுதான் பலகையில் தொங்கும் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து மெயினை அணைக்க வேண்டும். அதன்பிறகு தேதி, நேரம், யாரிடம் பேசியது என்று எழுத வேண்டும். யாரோ எதையோ தொட்டுவிட்டார்கள் என்று முன்பு ஒரு சண்டை வந்து, அதிலிருந்து இதுதான் சட்டம்.

பத்தொன்பது மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் டாக்டரின் விமானத்தில் விளக்கு மின்னியது. நான் போன் செய்தேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்களே அணைச்சிடுங்கம்மா, நான் இங்க சட்டையக் கழட்டிட்டு உக்காந்துட்டேன்" என்றார். அணைத்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் அவர் போனை வைக்கவில்லை. மேற்கே மேகம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் வீட்டு ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மட்டும்தான் தெரியுமாம். நான் வெளியே போய்ப் பார்த்துச் சொன்னேன். அதன்பிறகு அவர், "தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு மேல் வரிசையில கடவாய்ப்பல் ஒண்ணு இல்லையோ" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "காத்து கசியுது. நாப்பது வருஷம் வாய்க்குள்ளயே குடித்தனம் பண்ணவன்மா நான்" என்றார். நான்கு வருடத்துக்கு முன்பு பிடுங்கிய பல் அது. என் தம்பி வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அன்று இருபத்திரண்டு நிமிடம் பேசினோம். ரிஜிஸ்டரில் 'தகவல் தெரிவிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினேன்.

என் தம்பி குடும்பத்தைப் பற்றி அலுவலர் கேட்டார். அவர்கள் நல்லவர்கள். சண்டை சச்சரவு கிடையாது. காலையில் நான் இறங்கும்போது தம்பி மனைவி, "கேட்டச் சாத்திட்டுப் போங்கக்கா" என்பாள். சாயங்காலம் மேசையில் எனக்குரிய தட்டு மூடி வைத்திருக்கும். தம்பி மகள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு இருப்பாள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் ஒரு நாள் எனக்குக் கழிந்துவிடும் என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

அதன்பிறகு ஆறு வாரம் டாக்டர் ஒழுங்காக மெயினை அணைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு சாயங்காலமும் அவர் விமானத்தின் வாலைத்தான் நான் முதலில் பார்த்தேன். ஏழாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் காலையில் பறந்துவிட்டுப் போன பிறகு, சாயங்காலம் ஐந்து இருபதுக்கு நான் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து மெயினைப் போட்டேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்று, விளக்கு மின்னுவதைப் பார்த்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன். இரண்டு நிமிடத்தில் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நினைத்தேன். அன்று பதினெட்டு நிமிடம் பேசினோம். போனை வைக்கும்போது அவர், "நல்ல வேளை நீங்க இருக்கீங்க" என்றார். அந்தச் சந்தோஷம் எனக்கு நான்கு நாள் இருந்தது.

ரிஜிஸ்டரில் டாக்டர் பெயரில் மொத்தம் பதினோரு பதிவுகள் இருக்கின்றன. அதில் முதலாவது, நான்காவது, ஆறாவது ஆகிய மூன்றும் அவர் உண்மையிலேயே மறந்துபோனவை. மீதி எட்டும் நான் போட்டது. எட்டுக்கும் உரிய தேதிகளில் ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். அந்தப் புள்ளிகள் வழக்கு வந்த பிறகு வைத்தவை அல்ல, அன்றன்றைக்கே வைத்தவை. எழுத்தர் வேலை பார்த்துப் பார்த்து, பொய் எழுதினாலும் அடையாளம் வைக்காமல் எனக்குக் கை வராது.

இதை வேறு மாதிரி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரை நான் தனியாக ஒரு தடவைகூடச் சந்தித்ததில்லை. திடலில் எதிரே வந்தால் அவர் வணக்கம் சொல்வார், நான் வணக்கம் சொல்வேன், அவ்வளவுதான். போனில்தான் பேசுவோம். அவர் பல் பிடுங்கிய ஆட்களைப் பற்றிச் சொல்வார். ஒரு போலீஸ்காரர் ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்வாங்கிச் சுவரில் மோதிய கதையை மூன்று முறை சொன்னார். நான் மூன்று முறையும் சிரித்தேன். மூன்று முறை சொன்னதையும் மறதிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் நான் கேட்டுத்தான் சொன்னார்.

ஆறாவது பதிவுக்குப் பிறகு அவர் குரல் மாறியது. தான் மறப்பதை மகனிடம் சொன்னாராம், மகன் நரம்பு டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொன்னாராம். அதன்பிறகு விமானத்துக்குள் மெயின் சுவிட்சுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'மெயினை அணை. இறங்கு. திரும்பி வாலைப் பார்' என்று அவர் கையெழுத்தில் இருந்தது. எழுத்துகள் பெரிதாக, சின்னப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தன. அந்தத் தாளை நான் படித்தேன். படித்துவிட்டு மெயினைப் போட்டேன். அதற்குப் பின் இன்னும் இரண்டு முறையும் போட்டேன். தாள் ஒட்டிய பிறகு அவர் ஒரு தடவைகூட மறக்கவில்லை என்பதைக் கோர்ட் கவனிக்க வேண்டும்.

ஒன்பதாவது பதிவுக்குப் பிறகு அவர் மெக்கானிக்கிடம் சொல்லி ஒரு பஸ்ஸர் வைத்தார். மெயின் ஓடிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்தால் அது விடாமல் கத்தும். அது வைத்து மூன்று வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. நான்காவது வாரம் தம்பி குடும்பத்தோடு நான்கு நாள் வெளியூர் போயிருந்தான். மூன்றாவது நாள் நான் டாக்டர் விமானத்தின் கதவைத் திறந்து மெயினைப் போட்டேன். பஸ்ஸர் கத்தியது. அது கத்திக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்தினேன். சத்தம் நின்றது. அதன்பிறகு போன் செய்தேன். அவர், "அது கத்தியிருக்குமே. கத்தியும் நான் இறங்கிப் போயிருக்கேனா" என்று கேட்டார். நான், "சில நேரம் காதுல விழாது சார்" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்னதிலேயே கேவலமான வார்த்தை அதுதான்.

மறுநாள் அவர் மெக்கானிக்கை அழைத்துவந்து பஸ்ஸரைச் சோதிக்கச் சொன்னார். பத்து முறை கதவைத் திறந்து மூடினார்கள், பத்து முறையும் கத்தியது. நான் அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக், "மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல டாக்டர்" என்றார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு இறக்கையில் கை வைத்தபடி நின்றார். அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஜன்னலை விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பதினோராவது முறையும் போட்டேன். அன்று அவர், "அணைச்சிடுங்கம்மா" என்பதற்கு மேல் எதுவும் பேசவில்லை. மேகத்தைப் பற்றியும் கேட்கவில்லை. அடுத்த வாரம் விமானச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் எனக்குக் கோர்ட்டிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்துவரச் சொல்லி நோட்டீஸ் வந்தது. மகன் தரப்பு வக்கீல் என்னிடம், நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்பார்கள், ஆமாம் என்றால் போதும் என்றார். அப்போதுதான் அது எதற்குப் பயன்படப்போகிறது என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது. அன்று மதியமே டாக்டர் தரப்பு வக்கீலைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு, "எட்டுன்னு ஏன் சொல்றீங்க, பதினொண்ணும் நான்தான்னு சொல்லிடுங்க, கேஸ் அதோட முடிஞ்சுது" என்றார். நான் முடியாது என்றேன். அந்த ரிஜிஸ்டரில் எட்டுப் பொய் எழுதியாகிவிட்டது, அதைத் திருத்த வந்த இடத்தில் இன்னும் மூன்று சொல்ல எனக்கு மனம் இல்லை. மூன்று முறை மறப்பது ஒரு நோயும் அல்ல. எங்கள் திடலில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் பெயரில் அதே ரிஜிஸ்டரில் ஐந்து பதிவு இருக்கிறது. அவருக்கு முப்பத்தெட்டு வயது. அவரை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை.

மறுநாள் காலையில் டாக்டருக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும் அவர், "நான் மறந்த அந்த மூணு தேதிய மட்டும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். எழுதிக்கொள்வது கேட்டது. "முதல் நாள் ஞாபகம் இருக்கு. மருமக போன் பண்ணா, பேசிக்கிட்டே இறங்கிட்டேன்" என்றார். பிறகு, "ஒரு வருஷமா வீட்டப் பூட்டிட்டுத் தெரு முனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து அடுப்பப் பாக்கறேன்மா. ஒவ்வொரு நாளும் அது அணைஞ்சுதான் இருந்துச்சு. இருந்தும் நான் என்னை நம்பல. உங்க போனத்தான் நம்பினேன்" என்றார். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார். அதன்பிறகு நான் அழைக்கவில்லை. அவரும் அழைக்கவில்லை.

என் வேலை போகும் என்று தெரியும். திடல் சாவிகளை நேற்றே நிர்வாகியிடம் ஒப்படைத்துவிட்டேன். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. டாக்டரின் சாவியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக அலுவலர் ஒரு கேள்வி கேட்டார். அவரோடு பேச வேண்டுமென்றால் சும்மாவே போன் செய்து பேசியிருக்கலாமே, அவர் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார், இதற்கு எதற்கு சுவிட்சைப் போட வேண்டும் என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். இந்த ஐம்பத்திரண்டு வருடத்தில் காரணம் இல்லாமல் நான் யாரையும் கூப்பிட்டதில்லை, என்னையும் யாரும் கூப்பிட்டதில்லை. அப்படிச் செய்யலாம் என்பது அலுவலர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

இதை அலுவலர் நிதானமாக வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் நான் மெயினை 'தவறுதலாக' போட்டேன் என்று எழுதியிருந்தது. இரக்கப்பட்டு எழுதினாரோ, பழக்கத்தில் எழுதினாரோ தெரியாது. அதை அடித்து 'வேண்டுமென்றே' என்று மாற்றச் சொல்லி, பக்கத்தில் என் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றவை யாவும் நான் சொன்னபடியே இருக்கின்றன. எல்லாம் உண்மை.

(ஒப்பம்)