ஆளில்லாத கூட்டம்

...இல்ல தம்பி, எங்ககிட்ட யாரு கேட்டாங்க, சொல்லுங்க பாப்போம். நீங்க பாட்டுக்கு டவுன் ஆபீஸ்லேருந்து படம் காட்டுற பெட்டியத் தூக்கிட்டு வந்து, வாசகசாலை ஹால்ல கூட்டம்னு ஒத்தையா உக்காந்திருந்தீங்களாம். பேக்கரிக்காரி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. உக்காருங்க, பஸ் இப்ப வராது. தக்காளி சாப்பிடுங்க. உப்பு இருக்கு.

இது எந்தத் தண்ணியில விளைஞ்சது? அந்த ஓடைத் தண்ணியில. அதைத்தான் மலை மேலயே குழாய்க்குள்ள தள்ளி கரண்டு எடுக்கப் போறாங்களாம். அப்புறம் ஊருக்குள்ள வெறும் கல்லுதான் கிடக்கும். என் தோட்டத்துக்கு நான் என்னத்த ஊத்துறது, கரண்டையா?

ஜனங்களைக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணணும்னு சட்டமே இருக்கு. டிவியில சொன்னான். அந்த டிவி தலைநகரம் சோஃபியால இருக்குற மருமகன் வாங்கிக் குடுத்தது, பாதி நாள் சத்தமே வராது... சரி, அதை விடுங்க. கூட்டம்னா முன்னாடியே சொல்ல வேணாமா?

என்னது, ஒட்டினீங்களா? எங்க? பேக்கரி பக்கத்துப் பலகையிலயா?

அந்தப் பலகை எனக்குத் தெரியாதா. அங்க என் கென்ச்சோ இருக்காரே. என் வீட்டுக்காரரு. வருஷா வருஷம் நினைவஞ்சலி ஒட்டிடுவேன். எல்லாரையும் போல கையகலத்துக்குத்தான். இந்த வருஷம் எதிர்வீட்டு யோர்தான்கா அவ புருஷனுக்குக் கலர்ல ஒட்டிட்டா. நான் விடுவேனா? ரெண்டு மடங்கு பெருசா அடிச்சேன், கீழ கவிதை வேற. இடம் பத்தல. ஏதோ முத்திரை குத்தின பேப்பர் ஒண்ணு இருந்துச்சு, எல்லாம் பொடி எழுத்து, யாரு படிக்கப் போறான்னு அது மேல நல்லாப் பசையத் தடவி...

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க?

யாராச்சும் கிழிச்சிருக்கலாமேன்னா கேக்குறீங்க? எங்க, செத்தவங்க படத்துல கை வைப்பாங்களா? மேயரே தொப்பியக் கழட்டிட்டுத்தான் அதைத் தாண்டிப் போறாரு.

பாவி மனுஷன், உசுரோட இருந்தவரைக்கும் அந்த ஓடையிலதான் தூண்டிலப் போட்டுட்டு உக்காந்திருந்தாரு. அதை மூடுற சேதிய அவரு மூஞ்சிய வச்சே மறைச்சிருக்கேன்.

ஆட்சேபம் இருந்தா இன்னும் எழுதிக் குடுக்கலாமா? வெள்ளிக்கிழமை வரைக்குமா? இதை முதல்லயே சொல்றதுக்கென்ன, என்னையப் பேச விட்டுட்டு... இருங்க, பஸ் நிக்கும், டிரைவர் என் தங்கச்சி மகன்தான். அந்தப் பேப்பர்ல இன்னொண்ணு குடுத்துட்டுப் போங்க. பொடி எழுத்தெல்லாம் வேணாம், நான் வேற மாதிரி அடிச்சுக்கிறேன். ஓடையோட படம், சுத்திக் கறுப்புக் கட்டம், கீழ "ஆட்சேபம் இருக்கிறவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க". செத்தது யாருன்னு பாக்காம இந்த ஊர்ல ஒருத்தரும் ரொட்டி வாங்கினதில்ல.

எங்க ஒட்டுறதுன்னா கேக்குறீங்க? கென்ச்சோ இருக்குற இடத்துலயே இருக்கட்டும்.

யோர்தான்கா புருஷன் மேல ஒட்டிக்கலாம்.